வெறும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மாட்ட எது ஏற்றது: டாக்கா, பேயா, டிரேயா?

உறை போடாத வெறும் ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி, வேண்டும்போது மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைப்பது பேக்கப்புக்கு நல்ல வழி. டிஸ்க்குக்கு ஒரு உறை, உறைக்கு ஒரு அடாப்டர், அடாப்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட் என்று சேர்ந்துகொண்டே போகாது. ஆனால் அதை எதில் மாட்டுவது (மேசைமேல் வைக்கும் டாக், கணினிப் பெட்டிக்குள் பொருத்தும் பே, டிஸ்க்கைச் சட்டத்தோடு தள்ளும் டிரே) என்பதை, டப்பாவின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்தால் தவறான பொருள்தான் கைக்கு வரும்.

வேகக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் 3.5 இன்ச் டிஸ்க் தட்டின் வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 250 மெகாபைட் தரும். உள்ளே போகப் போக அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். 5 ஜிகாபிட் யூஎஸ்பி 3.0 நடைமுறையில் 400 மெகாபைட்டைத் தாண்டித் தருகிறது. ஆகவே ஒற்றை ஹார்டு டிஸ்க்குக்காக 10 ஜிகாபிட் டாக் வாங்கினால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. தவிர்க்க வேண்டியது யூஎஸ்பி 2.0 மட்டுமே. 8 டெராபைட்டை நொடிக்கு 200 மெகாபைட் வீதம் நகலெடுக்க 11 மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 2.0 தரும் 35, 40 மெகாபைட்டில் அதே வேலை இரண்டரை நாள் இழுக்கும். டாக் 3.0 ஆக இருந்தும் இந்தக் கதி வரலாம். பின்பக்கத்துச் சதுரத் துளையில் பழைய பிரிண்டர் கேபிள் ஒழுங்காகப் பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் 2.0 வேகத்தில்தான் ஓடும். யூஎஸ்பி முனையை மெதுவாக நுழைத்தாலும் சில கணினிகள் அதை 2.0 என்றே எடுத்துக்கொள்ளும். சட்டென்று ஒரே அழுத்தில் செருகினால் சரியாகிவிடும்.

முடிவை உண்மையில் தீர்மானிப்பவை வேறு மூன்று. டிஸ்க்கை எத்தனை முறை மாட்டிக் கழற்றப் போகிறீர்கள்? ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம் அது ஓடும்? இங்கே எழுதிய டிஸ்க்கை நாளைக்கு வேறொரு கணினிக்குள் நேரடியாக மாட்டிப் படிக்க வேண்டி வருமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் வாங்க வேண்டியது எது என்று தானாகவே தெரியும்.

கனெக்டர் எத்தனை முறை தாங்கும்

இந்த டிஸ்க்குகளைக் கணினியோடு இணைக்கும் முறைக்குச் சாட்டா என்று பெயர். சாட்டா டிஸ்க்கின் பின்புறம் இரண்டு துண்டுகள் இருக்கும். சிறியது 7 பின் உள்ள டேட்டா, பெரியது 15 பின் உள்ள பவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. கணினிக்குள் இருக்கும் சாதாரண சாட்டா கேபிளுக்குத் தரநிர்ணயம் கேட்கும் ஆயுள் 50 முறை மாட்டிக் கழற்றுவது. பேக்பிளேன் என்கிற பலகையில் பதித்த கனெக்டருக்கு 500 முறை. பெட்டிக்கு வெளியே வரும் ஈசாட்டாவுக்கு 5000. சாதாரண யூஎஸ்பி ஏ முனைக்கு 1500, சி முனைக்கு 10,000.

51ஆவது முறை எல்லாம் நின்றுபோகும் என்று இதற்கு அர்த்தமில்லை. அதுவரை உத்தரவாதம், அதற்கு மேல் உங்கள் பாடு என்பதுதான் பொருள். ஆனால் வாரம் ஒரு முறை பேக்கப் எடுப்பவர் கேபினெட்டின் பக்கத்தைத் திறந்து கேபிளை நேரடியாகக் குத்தி எடுத்தால், ஒரே வருடத்தில் அந்தக் கேபிளின் கணக்கு முடிந்துவிடும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தேய்மானம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு டிஸ்க்குகள், ஒவ்வொன்றையும் வாரம் ஒரு முறை ஒரே டாக்கில் செருகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு டிஸ்க்குக்கு 52 செருகல், டாக்கின் கனெக்டருக்கு 208. இரண்டரை வருடத்தில் டாக் தன் 500ஐத் தாண்டும்; டிஸ்க்குகள் அப்போது 130இல்தான் நிற்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். தேய வேண்டியது டாக், தேயக் கூடாதது டிஸ்க். டாக்கைத் தேய்ந்தால் மாற்றும் பாகமாகவே நினைத்து வாங்குங்கள். பத்து வருடம் வைத்திருக்கும் சாமானாக நினைக்க வேண்டாம்.

தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? தன் உடல்நிலையை டிஸ்க்கே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆவது வரியைப் பாருங்கள். கேபிளிலும் கனெக்டரிலும் டேட்டா சிதைந்து மறுபடி அனுப்பப்பட்டதை அது எண்ணிக்கொண்டே வரும். எண் பூஜ்யத்துக்குத் திரும்பவே திரும்பாது. அதனால் பழைய எண்ணைக் குறித்து வைத்து, கூடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கூடினால் கோளாறு தட்டில் இல்லை, தொடர்பில் இருக்கிறது. டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன் இந்த ஒரு வரியைப் பார்ப்பவர் எத்தனையோ நல்ல டிஸ்க்குகளைக் காப்பாற்றலாம்.

செருகும் முறையும் ஆயுளில் சேரும். டிஸ்க்கின் கனெக்டரில் பின்களைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு. அதன் ஒரு ஓரத்தில் எல் வடிவ மடிப்பு இருக்கும். டிஸ்க்கைச் சாய்த்து இழுத்தாலோ, முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றினாலோ முதலில் உடைவது அந்த மடிப்புதான். 3.5 இன்ச்சுக்கு வெட்டிய வாயில் 2.5 இன்ச் டிஸ்க்கைச் செருகும்போது பக்கவாட்டில் பிடிமானம் குறைவு, ஆகவே அங்கே கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு கையாலும் இரு விளிம்பைப் பிடித்து, நேராகக் கீழே, நேராக மேலே.

வெறும் கேபிள் அடாப்டர்

ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் சாட்டா. இது அவசரத்துக்குத்தான். 2.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும் என்பதால் யூஎஸ்பியிலேயே ஓடிவிடும். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். தனி அடாப்டர் இல்லாத கேபிளில் அது சுழலவே சுழலாது. டிஸ்க் மேசைமேல் படுத்துக் கிடக்கும், கேபிளில் கால் பட்டால் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் தரைக்கு வரும். வருடத்துக்கு இரண்டு முறை பழைய டிஸ்க்கிலிருந்து எதையாவது எடுக்க வேண்டும் என்பவருக்கு இது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

மேசை டாக்

ரொட்டி வாட்டும் டோஸ்டர் போல மேலே வாய் திறந்து, டிஸ்க்கைச் செங்குத்தாக நிறுத்தும் கருவி. எந்தக் கணினியோடும் ஒட்டும், லேப்டாப் வைத்திருப்பவருக்கு வேறு வழியும் அதிகமில்லை. குறைகள் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கின்றன: அடாப்டர், உள்ளே இருக்கும் சிப், சூடு.

அடாப்டரிலிருந்து தொடங்கலாம். 3.5 இன்ச் டிஸ்க் ஓடும்போது 5 முதல் 9 வாட் வரைதான் எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து தட்டுகளைச் சுழலவிடும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் பக்கம் மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு டிஸ்க் டாக்குக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் சரியாகப் போதும், மிச்சம் இருக்காது. இரண்டு டிஸ்க் டாக்கோடு 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வந்திருந்தால், இரண்டையும் செருகிவிட்டுச் சுவிட்சைப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்து 4 ஆம்பியர் கேட்கும், வோல்ட் இறங்கும், டிஸ்க் 'விர்' என்று கிளம்பி, 'டிக்' என்று நின்று, மறுபடி கிளம்பும். டிஸ்க் போய்விட்டது என்று நினைக்க வைக்கும் சத்தம் இது. ஒன்று சுழன்று நிலைக்கு வந்தபின் அடுத்ததைச் செருகினால் அதே அடாப்டர் போதும்.

டாக்கின் பவர் துளையில் லேப்டாப் அடாப்டரின் முனை பொருந்திவிடும் நேரங்களும் உண்டு. அதில் வருவது 19 வோல்ட். டிஸ்க்கின் பச்சைப் பலகையில், பவர் பின்களுக்குப் பக்கத்தில், அரிசியைவிடச் சற்றே பெரிய கறுப்புச் சதுரங்கள் இரண்டு இருக்கும். ஒன்று 5 வோல்ட்டுக்கு, மற்றது 12க்கு. அளவுக்கு மீறி வோல்ட் வந்தால் தங்களைக் குறுக்கிணைத்துக்கொண்டு பலகையைக் காப்பவை இவை. காத்தபின் பெரும்பாலும் குறுக்கிணைந்தபடியே செத்துப்போகும், டிஸ்க் அதன்பின் அசையாது. அடாப்டர் முனைக்குப் பக்கத்தில் ஒரு நாடா சுற்றி 'டாக், 12 வோல்ட்' என்று எழுதி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். எழுதி வையுங்கள்.

அடுத்தது சிப். டாக்குக்குள் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் பிரிட்ஜ் சிப் ஒன்று இருக்கிறது. டாக்கின் பிராண்டைவிட இந்தச் சிப்தான் முக்கியம். ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா போன்ற சில நிறுவனங்களின் சிப்புகளே பல பெயர்களில் வரும் டாக்குகளுக்குள் இருக்கின்றன. அது செய்யும் குழப்பங்களில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை சில.

டிஸ்க் டேட்டாவைச் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து எண்ணிட்டு வைக்கும். பழைய சிப்புகள் அந்த எண்ணை 32 பிட்டில்தான் எண்ணும். 512 பைட் செக்டரில் அது 2.2 டெராபைட்டோடு முடிந்துவிடும். 3 டெராபைட் டிஸ்க்கைச் செருகினால் எண் சுற்றித் திரும்பி, விண்டோஸ் 746 ஜிகாபைட் என்று காட்டும். அந்த 746ஐ எங்கேயாவது பார்த்தால் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் வெளியே எடுத்துவிடுங்கள். எழுதினால், கடைசிப் பகுதிக்குப் போக வேண்டியது டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருப்பதன்மேல் விழும்.

இதைவிட நுட்பமானது ஒன்று. 2.2 டெராபைட் எல்லையைத் தாண்டச் சில சிப்புகள், டிஸ்க்கின் 512 பைட் செக்டர்களை எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் செக்டராகக் கணினிக்குச் சொல்லும். அந்த டாக்கில் எல்லாம் நன்றாக ஓடும். டாக் பழுதாகி, டிஸ்க்கைக் கேபினெட்டுக்குள் நேரடியாக மாட்டும் அன்றைக்குத்தான் விபரீதம் தெரியும்: பார்ட்டிஷனே (டிஸ்க்கில் பிரித்த பகுதியே) இல்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். டேட்டா அழியவில்லை, பார்ட்டிஷன் பட்டியலில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் எட்டில் ஒரு பங்காக இருப்பதால் கணினிக்கு இடம் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே வகை டாக் ஒன்றில் மாட்டினால் திரும்ப வந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு 'ஆம், நேரடியாகவும் படிக்க வேண்டும்' என்று விடை சொன்னவர்கள் டாக்கை வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டு டிஸ்க் டாக்குகளில் இன்னொரு பழக்கம். ஒன்றில் நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற வாயில் டிஸ்க்கைச் செருகினாலோ எடுத்தாலோ சிப் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும், ஓடிக்கொண்டிருந்ததும் துண்டிக்கப்படும். எல்லா டாக்கும் இப்படி இல்லை என்றாலும் நிறைய இருக்கின்றன. இரண்டு வாய்க்கும் ஒரே சுவிட்ச் என்றால் ஒன்றை அணைக்கும்போது மற்றதும் அணையும். வேறு வேறு நேரத்தில் மாட்டி எடுப்பவருக்கு ஒரு இரட்டை டாக்கைவிட இரண்டு ஒற்றை டாக் மேல். சில டாக்குகள் டிஸ்க்கின் சீரியல் எண்ணுக்குப் பதில் தன் எண்ணையே சொல்லும். சீரியல் எண்ணை வைத்து 'இது அ டிஸ்க், இது ஆ டிஸ்க்' என்று பிரித்தறியும் பேக்கப் மென்பொருளுக்கு அப்போது எல்லா டிஸ்க்கும் ஒன்றாகவே தெரியும்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டாக்கில் டிஸ்க்கின் முக்கால் பாகம் காற்றில் நிற்கிறது, ஆகவே குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். அரை மணி நேர வேலைக்கு அது உண்மை. 11 மணி நேரம் இடைவிடாமல் எழுதினால் காற்றோட்டமில்லாத அறையில் 50 டிகிரியைத் தாண்டும். ஹார்டு டிஸ்க் தயாரிப்பாளர்கள் பொதுவாக 60 டிகிரியை மேல் எல்லையாக வைக்கிறார்கள். 45க்குள் வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்க்கின் அகலப் பக்கத்தைப் பார்த்தபடி ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனை மெதுவாக ஓடவிட்டாலே வெப்பம் கண்ணுக்குத் தெரிய இறங்கும். நீண்ட நகலின் முதல் இரண்டு மணி நேரம் ஸ்மார்ட் பட்டியலின் 194ஆவது வரியைப் பார்த்துவந்தால் எங்கே போய் நிற்கும் என்று புரிந்துவிடும்.

கணினி இல்லாமலேயே ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் பட்டன் உள்ள டாக்குகளை, அந்தப் பட்டனுக்காக மட்டும் வாங்க வேண்டாம். எது மூலம், எது இலக்கு என்பது வாயின் ஓரத்தில் சிறிதாக அச்சிட்ட எழுத்தைப் பொறுத்தது. மாற்றிச் செருகிப் பட்டனை அழுத்தினால் வெற்று டிஸ்க் உங்கள் டேட்டாவின்மேல் நகலாகும். திரும்பப் பெற வழியே இல்லை. மூலத்தில் படிக்க முடியாத செக்டர் வந்தால் எங்கே, எத்தனை என்று சொல்லாமல் விளக்கை மட்டும் சிமிட்டும். பட்டன் இருக்கும் டாக் ஏற்கெனவே கையில் இருந்தால், சாதாரண வேலையின்போது இரண்டு வாயிலும் டிஸ்க் வைக்காதீர்கள்.

டிரே இல்லாத உள் பே

கேபினெட்டின் முன்பக்கம் 5.25 இன்ச் துளை (சிடி டிரைவ் உட்காரும் இடம்) இருக்கும் மேசைக் கணினிக்காரர்களுக்கு, வாரந்தோறும் மாற்றுவதற்கு இதைவிட நல்லது கிடையாது என்பதே எங்கள் கருத்து. கதவைத் திறந்து, வெறும் டிஸ்க்கைத் தள்ளி, கதவை மூடினால் பேக்பிளேனில் போய் உட்காரும். நடுவில் மொழிபெயர்க்கும் சிப் கிடையாது; மதர்போர்டின் சாட்டா போர்ட்டோடு நேரடித் தொடர்பு. செக்டர் குழப்பம் இல்லை, சீரியல் எண் உண்மையானது, ஸ்மார்ட் முழுதாகத் தெரியும். டாக் போல டிஸ்க் மேசைமேல் நிமிர்ந்து நிற்காததால் கை தட்டி விழும் பேச்சும் இல்லை. ஓடும் டிஸ்க் தாங்கும் அதிர்ச்சி, நின்ற டிஸ்க் தாங்குவதில் ஒரு சிறு பங்குதான் என்பதை நினைத்தால் இந்த ஒன்றே பெரிய லாபம்.

பொருத்துவதற்கு முன் அளவெடுங்கள். 3.5 இன்ச் டிஸ்க்கின் நீளம் 147 மில்லிமீட்டர். அதன் பின்னால் பேக்பிளேன், அதன் பின்னால் கேபிள் வளைய இடம் என்று மொத்தம் 200 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் கேட்கும். மதர்போர்டின் விளிம்போ பெரிய கிராஃபிக்ஸ் கார்டோ அங்கே முட்டும். ஒற்றை பே சிக்கலில்லாமல் நுழையும். மூன்று துளையில் ஐந்து டிஸ்க் வைக்கும் கூண்டு என்றால், துளைகளுக்கு இடையே கேபினெட் தகட்டில் வெளிநீட்டியிருக்கும் சிறு தாங்கிகள் இடிக்கும். அவற்றை இடுக்கியால் மடித்துத் தட்டையாக்கினால்தான் கூண்டு உள்ளே போகும். இப்போது வரும் கேபினெட்டுகள் பலவற்றில் 5.25 இன்ச் துளையே இல்லை என்பதுதான் இந்த வழியின் பெரிய தடை.

பயாஸில், அதாவது கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையில், சாட்டா முறை ஏஎச்சிஐ ஆக இருக்க வேண்டும். அத்தோடு, அந்தக் குறிப்பிட்ட போர்ட்டுக்கு ஹாட் பிளக் (கணினி ஓடும்போதே மாட்டிக் கழற்றுவது) என்ற வரியை இயக்க வேண்டும். பல மதர்போர்டுகளில் அது அணைந்த நிலையில்தான் வரும். அதை மறந்தால் கணினியை மறுபடி இயக்கும்வரை புது டிஸ்க் தெரியாது, 'பாதுகாப்பாக எடு' பட்டியலிலும் வராது. பே கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பி அனுப்பப்படுபவற்றில் இந்த ஒரு வரியால் வருபவையும் உண்டு.

பவரில் இரண்டு விஷயம். முதலாவது, மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள்களில், கம்பிகளின்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்த வகையை வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நெருங்கிக் குறுக்கிணைந்து எரிந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் உலோகப் பற்கள் கம்பியைக் கடித்துப் பிடிக்கும், பின்னால் மூடி போட்ட வகை பாதுகாப்பானது.

இரண்டாவது, டாக்கில் ஓடும் டிஸ்க் பேயில் சுழலவே மாட்டேன் என்கிற புதிர். சாட்டா 3.3 தரநிர்ணயம் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னுக்குப் புது வேலை கொடுத்தது: அதில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும். சர்வர்களில் தொலைவிலிருந்தே டிஸ்க்கை அணைத்து இயக்க வைத்த ஏற்பாடு இது. பழைய பவர் சப்ளைகள் அதே பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தருகின்றன. பெரிய கொள்ளளவு சர்வர் டிஸ்க்குகளும், வெளிப்புற உறையைப் பிரித்து எடுத்த டிஸ்க்குகளும் இதில் சிக்கிக்கொள்ளும். டாக்கில் பெரும்பாலும் 3.3 வோல்ட் வருவதே இல்லை, ஆகவே அங்கே ஓடுகிறது. டேட்டா பக்கத்திலிருந்து எண்ணி முதல் மூன்று பின்களைக் காப்டான் என்ற மின்கடத்தா நாடாவால் மூடுவது பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம். ஒரே இடத்தில் நிலையாக மாட்டும் டிஸ்க்குக்கு அது சரி. கழற்றி மாட்டும் டிஸ்க்கில் வேண்டாம். பத்துப் பதினைந்து செருகலில் நாடா சுருண்டு பேக்பிளேனுக்குள் சிக்கும். பேக்பிளேனே மோலெக்ஸ் வழியாகப் பவர் எடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மோலெக்ஸில் 5ம் 12ம் மட்டும்தான், 3.3 கிடையாது.

பேயின் ஃபேன் 40 மில்லிமீட்டராக இருந்தால் சத்தம் காதைத் துளைக்கும். ஒற்றை பேயில் ஃபேன் இல்லாவிட்டாலும் கேபினெட்டின் முன் ஃபேன் இழுக்கும் காற்று போதும். ஐந்து டிஸ்க் கூண்டில் ஃபேன் கட்டாயம், 80 மில்லிமீட்டருக்குக் குறையாமல்.

டிரே உள்ள பே

டிஸ்க்கை ஒரு சட்டத்தில் திருகி, சட்டத்தோடு தள்ளுவது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு டிரே வேண்டும், திருகுகிற வேலையும் உண்டு. பதிலுக்கு, டிஸ்க்கின் உடம்பையே கை தொடாது, பூட்டும் உண்டு, பெயர்ச்சீட்டு ஒட்ட இடமும் உண்டு. பலர் கைமாறி எடுக்கும் இடத்துக்கு, அலுவலகத்திலிருந்து வேறிடத்துக்குப் போய்வரும் டிஸ்க்குக்கு இதுதான்.

வாங்கும்போது கேட்க வேண்டியது: டிரேக்குத் தனிக் கனெக்டர் இருக்கிறதா? பெரும்பாலான டிரேக்கள் வெறும் சட்டம். டிஸ்க்கின் சொந்தக் கனெக்டர்தான் பேக்பிளேனில் போய்ச் சேரும், தேய்மானத்தில் டிரே இல்லாத பேக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. சில வகைகளில் டிஸ்க் டிரேக்குள் ஒரு முறை மாட்டப்பட்டு அங்கேயே இருக்கும். தினமும் சேர்ந்து பிரிவது டிரேயின் பின்புறமுள்ள, ஆயிரக்கணக்கான முறை தாங்கும் வேறொரு கனெக்டர். தினமும் இரண்டு முறை மாற்றுபவருக்கு வருடத்தில் 700 செருகலுக்கு மேல் வரும். அவர் பணத்தைப் போட வேண்டியது இந்த வகையில்.

டிரேக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஒரே நிறுவனத்தின் அடுத்த மாடலுக்கே பொருந்தாது. பேயை வாங்கும் அன்றைக்கே, தேவைக்கு மேல் இரண்டு டிரே சேர்த்து வாங்கிவிடுங்கள். 3.5 இன்ச் டிஸ்க்குக்குப் போகும் திருகும் 2.5 இன்ச்சின் எம்3 திருகும் வேறு. முதலது தடித்த புரி, எம்3ஐ 3.5 இன்ச்சில் போட்டால் ஆடும், தடித்ததை 2.5 இன்ச்சில் முறுக்கினால் புரி போய்விடும். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் அடிப்புறத்தின் நடுத் துளைகள் பழைய இடத்தில் இல்லை. பழைய டிரேயில் அப்போது இரண்டு திருகுதான் பிடிக்கும். பக்கவாட்டுத் துளைகளும் உள்ள டிரேயாக வாங்கினால் இந்தத் தொல்லை வராது.

நான்கு, ஐந்து டிஸ்க் பெட்டிகள்

இவை மாட்டிக் கழற்றுவதற்கு என்று விற்கப்பட்டாலும், உண்மையில் உள்ளேயே இருக்க வேண்டிய டிஸ்க்குகளுக்கானவை. யூஎஸ்பி வகையில் ஐந்து டிஸ்க்கும் ஒரே 400 மெகாபைட்டைப் பகிர்ந்துகொள்ளும். 10 ஜிகாபிட்டுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் வருவது இங்கேதான். ஈசாட்டா வகை ஒரே கேபிளில் ஐந்து டிஸ்க்கையும் காட்ட, கணினிப் பக்கம் போர்ட் மல்டிப்ளையர் ஆதரவு வேண்டும். இன்டெல் சிப்செட்டின் சொந்தச் சாட்டா போர்ட்டுகளில் அது இல்லை; முதல் டிஸ்க் மட்டும் தெரியும். தனிக் கார்டு வாங்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் முறை) இருந்தால் அதை அணைத்து, தனித்தனி டிஸ்க்காகக் காட்டும் முறையில் வையுங்கள். ரெய்டில் எழுதிய டிஸ்க்கை வெளியே எடுத்து வேறெங்கும் படிக்க முடியாமல் போகலாம். பெட்டி செத்தால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும்.

சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் வகை டிஸ்க்குகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றின் கனெக்டரில் டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவில் இடைவெளி இல்லை, ஆகவே சாட்டா டாக்கில் உள்ளே போகாது. இடைவெளியைச் செதுக்கிப் போட்டாலும் ஓடாது. எஸ்ஏஎஸ் பேக்பிளேனில் சாட்டா டிஸ்க் ஓடும், மாறாக நடக்காது. மதர்போர்டில் நேரடியாகச் செருகும் சிறு பலகை வடிவ எம்.2 எஸ்எஸ்டிக்களைக் கழற்றி மாட்டும் டாக்குகளும் வந்துவிட்டன. எம்.2 கனெக்டருக்குக் கேட்கப்படும் ஆயுள் 60 முறைதான். வாராவாரம் மாற்ற அது ஆகாது, தனி உறையில் போட்டு யூஎஸ்பி முனையைக் கழற்றி மாட்டுவதே சரி.

எடுக்கும் முறை

எதில் மாட்டினாலும் எடுப்பதில் ஒரே ஒழுங்கு. முதலில் மென்பொருளில் வெளியேற்றுங்கள். யூஎஸ்பி டிஸ்க்குக்கு விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல் 'விரைவாக எடு' என்பதே இயல்பு, எழுதுவதை நினைவகத்தில் தேக்கி வைக்காது. உள் பேயில் இருக்கும் டிஸ்க்கை நிலையான டிஸ்க் என்றே எடுத்துக்கொண்டு தேக்கும். அங்கே வெளியேற்றாமல் பிடுங்கினால் கடைசியாக எழுதியது போகும். வெளியேற்றும் பட்டியலில் பெயர் வராவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஆஃப்லைன் ஆக்கினால் போதும்.

அடுத்து, பவரை அணைத்து 20 நொடி காத்திருங்கள். விளக்கு அணைந்த உடனே தட்டு நிற்பதில்லை. சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க்கைக் கையில் எடுத்துச் சாய்த்தால், பம்பரத்தைச் சாய்க்கும்போது வருகிற அதே எதிர்ப்பு விரலில் தெரியும். அது தெரிந்தால் அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை காத்திருங்கள். பச்சைப் பலகை இருக்கும் பக்கத்தைத் தொடாமல் விளிம்பில் பிடித்து, ஆன்டிஸ்டேட்டிக் பையிலோ மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியிலோ வையுங்கள். வெள்ளி நிறப் பையின்மேல் டிஸ்க்கை வைத்து ஓடவிடக் கூடாது. அந்தப் பூச்சில் மின்சாரம் பாயும்.

வாங்கி வந்த அன்றைக்கு

டாக்கோ பேயோ, நல்ல டேட்டா உள்ள டிஸ்க்கை முதல் நாளே அதில் வைக்க வேண்டாம். இருப்பதில் மிகப் பெரிய, காலியான டிஸ்க் ஒன்றை எடுங்கள். கொள்ளளவு முழுதாகத் தெரிகிறதா, சீரியல் எண் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட்டில் 199ஆவது வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிடி (பெரிய டிஸ்க்குகளுக்கான பட்டியல் முறை) பார்ட்டிஷன் போட்டு, ஒரு சில பெரிய கோப்புகளை எழுதி, அவற்றின் செக்சம்மை (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை) எடுத்து வையுங்கள். பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்து, வேறொரு கணினியின் சாட்டா போர்ட்டில் நேரடியாக மாட்டி, பார்ட்டிஷன் தெரிகிறதா, செக்சம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். செக்டரை மாற்றிச் சொல்லும் டாக் இங்கேயே பிடிபட்டுவிடும்.

அது தேறினால் திரும்ப மாட்டி, ஆரம்பம் முதல் கடைசிவரை டிஸ்க் முழுதையும் எழுதிப் படிக்கும் சோதனையை ஓடவிடுங்கள். 8 டெராபைட்டுக்கு எழுத அரை நாள், படிக்க அரை நாள் ஆகும். நடுவில் துண்டிக்கப்படாமல் ஓடியதா, வெப்பம் எங்கே போய் நின்றது, 199ஆவது வரி கூடியதா என்று மூன்றையும் எழுதி வையுங்கள். துண்டிக்கப்பட்டிருந்தால் முதலில் யூஎஸ்பி கேபிளை மாற்றி, கேபினெட்டின் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகி மறுபடி ஓடவிடுங்கள். முன்பக்கத்துக்குப் போகும் உள் கேபிளே பல நேரம் குற்றவாளி. அப்போதும் துண்டிக்கப்பட்டால், திருப்பிக் கொடுக்கும் நாள் கணக்கு முடிவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.